கமவா ஆணி ஷிகா: சம்பாதி, கூடவே படி

புனே பக்கம் காலேஜில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை ‘கமவா ஆணி ஷிகா’. ‘சம்பாதி, கூடவே படி’ என்று அர்த்தம். (நடுவில் வரும் ‘ஆணி’க்கு மராத்தியில் ‘மற்றும்’ என்று பொருள். நாம் ஆபீஸில் தினமும் பிடுங்குகிற ஆணி இல்லை :-))

புனே பல்கலைக்கழகத்தில் (2014லிருந்து அதன் பெயர் சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகம்) இப்படி ஒரு திட்டம் பல வருஷங்களாக ஓடுகிறது. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள், முக்கியமாகக் கிராமத்திலிருந்து வந்து தங்கிப் படிப்பவர்கள், காலேஜ் வளாகத்துக்குள்ளேயே தினம் இரண்டு மூன்று மணி நேரம் வேலை செய்யலாம். நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, அலுவலகத்தில் ஃபைல் எடுத்துக் கொடுப்பது, கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுவது, தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது என்று பலவிதமான வேலைகள். மணிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். பெரிய தொகை எல்லாம் கிடையாது. மெஸ் பில்லுக்கும் பஸ் பாஸுக்கும் கொஞ்சம் உதவும்.

இங்கே இருக்கிற நம்ம ஊர்க் குடும்பங்களிடம் இதைப் பற்றிப் பேசினால் இரண்டு விதமான பதில் வரும். ஒன்று, “படிக்கிற பிள்ளையை வேலை வாங்கறாங்களே, பாவம். நம்ம ஊர்ல கவர்ன்மென்டே பீஸ் கட்டிடுமே” என்பது. இன்னொன்று, “சும்மா கொடுத்தா அருமை தெரியாது. உழைச்சுப் படிக்கட்டும்” என்பது. இரண்டையும் பல முறை கேட்டிருக்கிறேன். இரண்டிலுமே ஏதோ குறைகிற மாதிரி எனக்குத் தோன்றும். அதனால்தான் இந்த ஏற்பாடு எங்கே, யாரால், எதற்காக வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

அதற்கு முன்னால் எப்படிப் படித்தார்கள்?

ஹாஸ்டலும் ஸ்காலர்ஷிப்பும் பரவலாக வருவதற்கு முன், வெளியூர் போய்ப் படிக்கும் ஏழைப் பையன் என்ன செய்வான்? நம்ம பக்கம் ‘வாரச் சாப்பாடு’ என்று ஒன்று இருந்தது. திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று ஏழு நாளைக்கு ஏழு வீட்டில் சாப்பாடு. என் அப்பா 1940களின் கடைசியில் கும்பகோணத்தில் இப்படித்தான் ஹைஸ்கூல் முடித்தார். அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஒரே ஒரு தடவை சொன்னார்: “சோறு நல்லாத்தான் இருக்கும்டா. அந்தத் திண்ணையில உக்காந்து, கூப்பிடற வரைக்கும் காத்துண்டிருக்கணும் பாரு, அதுதான்.” அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. எந்த வீட்டையும் குறை சொல்லவும் இல்லை.

புனேவுக்கு வந்த பிறகுதான் இங்கேயும் அச்சு அசலாக இதே வழக்கம் இருந்தது தெரிந்தது. ‘வார் லாவூன் ஜேவ்ணே’ என்பார்கள். கிழமை வைத்துச் சாப்பிடுவது. இன்னொன்று ‘மாதுகரி’. வீடு வீடாகப் போய்ச் சமைத்த சாப்பாட்டை வாங்கி வந்து சாப்பிட்டுப் படிப்பது. நம்ம ஊர் உஞ்சவிருத்திக்குப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கும்பகோணமோ புனேவோ, இந்த ஏற்பாடு பெரும்பாலும் ஒரு ஜாதிப் பிள்ளைகளுக்குத்தான் கிடைத்தது. குடியானவன் வீட்டுப் பையனையோ சேரிப் பையனையோ யாரும் திண்ணைக்குக்கூடக் கூப்பிடவில்லை. என் அப்பாவுக்குத் திண்ணையில் காத்திருப்பது கஷ்டமாக இருந்தது. அந்தத் திண்ணையே கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர். கதை அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது.

மெட்ரிக் முடிக்காத ஒரு மனிதர்

பாவுராவ் பாட்டீல் 1887 செப்டம்பர் 22 அன்று கோலாப்பூர் பக்கம் கும்போஜ் என்ற ஊரில் பிறந்தவர். ஜைனக் குடும்பம். அப்பா அரசாங்கத்தில் குமாஸ்தா. கோலாப்பூரில் சாஹு மஹாராஜ் ஆட்சி நடந்த காலம் அது. 1902லேயே அரசு வேலைகளில் பிற்பட்டவர்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கிய ராஜா அவர். 1901லிருந்து கோலாப்பூரில் மாணவர் விடுதிகளாகத் திறக்க உதவி செய்தார். மராத்தாக்களுக்கு ஒன்று, ஜைனர்களுக்கு ஒன்று, லிங்காயத்துகளுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று, தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக. அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய காரியம்.

பாவுராவ் ஜைன விடுதியில் தங்கிப் படித்தார். தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான விடுதியின் திறப்பு விழாவுக்குப் போய்விட்டு வந்தவரை, குளித்துவிட்டு உள்ளே வா என்றார்களாம். முடியாது என்றார். விடுதியை விட்டு வெளியே அனுப்பினார்கள். மெட்ரிக் பரீட்சையும் முடிக்கவில்லை. பிறகு சாத்தாராவில் ட்யூஷன் எடுத்தார். ஓகலே கண்ணாடித் தொழிற்சாலைக்கும், இரும்புக் கலப்பை செய்த கிர்லோஸ்கருக்கும் விற்பனையாளராக ஊர் ஊராகச் சுற்றினார். கலப்பை விற்கப் போன இடத்தில் அவர் பார்த்தது, கையெழுத்துப் போடத் தெரியாமல் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்கும் விவசாயிகளை.

1919 அக்டோபர் 4 அன்று, கராட் பக்கத்தில் காலே என்ற கிராமத்தில் ‘ரயத் சிக்ஷண் சன்ஸ்தா’வைத் தொடங்கினார். ரயத் என்றால் குடியானவன், குடிமக்கள். நம்ம ஊர் ரயத்துவாரி முறையில் வருகிற அதே ரயத்துதான். 1924ல் தலைமையிடம் சாத்தாராவுக்கு வந்தது. அங்கே ஒரு விடுதி ஆரம்பித்தார். கோலாப்பூர் மாதிரி தனித்தனி இல்லை. மராத்தா, மஹார், மாங், ஜைனர், முஸ்லிம் எல்லோரும் ஒரே கூரையின் கீழ், ஒரே பந்தியில்.

அதே 1924ல் நம்ம ஊரில்

இந்த வருஷத்தைப் படித்தபோது சட்டென்று சேரன்மாதேவி ஞாபகம் வந்தது. வ.வே.சு. ஐயர் 1922ல் திருநெல்வேலிப் பக்கம் தொடங்கிய குருகுலம். தேசியக் கல்வி, காங்கிரஸ் ஆதரவு, பல தரப்பினரும் கொடுத்த நன்கொடை எல்லாம் இருந்தது. ஆனால் பிராமணப் பையன்கள் சிலருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்பது வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் எதிர்த்தார்கள். 1924, 1925 இரண்டு வருஷமும் அந்தச் சர்ச்சை தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியது. 1925ல் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்துபோனார். அதன் பிறகு நம்ம அரசியல் போன பாதை உங்களுக்குத் தெரியும்.

ஒரே சமயத்தில் இரண்டு விடுதிகள். ஒன்று பந்தியில் உடைந்தது. இன்னொன்று பந்தியில்தான் ஆரம்பித்தது.

விடுதி எப்படி ஓடியது?

ஆரம்பத்தில் பணமே இல்லை. பாவுராவின் மனைவி லக்ஷ்மிபாய் தன் நகைகளை ஒவ்வொன்றாக விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். கடைசியில் மங்கலசூத்திரமும் போனது. அவரும் 1930ல் போய்விட்டார். இங்கே கிராமத்தில் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பாவுராவைவிட லக்ஷ்மிபாயைப் பற்றிப் பேசும்போதுதான் குரல் தழுதழுக்கும்.

நகை எத்தனை நாளைக்கு வரும்? நிலத்தில் பிள்ளைகளே பாடுபட்டார்கள். தண்ணீர் இறைத்தார்கள், சமைத்தார்கள், கல் உடைத்தார்கள், தாங்கள் தங்கும் கட்டடங்களைக் கட்டுவதில் கைகொடுத்தார்கள். ‘தன் காலில் நிற்கும் கல்வியே எங்கள் விரதம்’ என்பதுதான் ரயத் அமைப்பின் வாசகம். சின்னம் ஆலமரம். 1927 பிப்ரவரி 25 அன்று காந்தி சாத்தாராவுக்கு வந்து, விடுதிக்கு ‘சத்ரபதி சாஹு போர்டிங் ஹவுஸ்’ என்று பெயர் வைத்தார். எல்லா ஜாதிப் பிள்ளைகளும் சேர்ந்து இருப்பதைப் பார்த்து அவருக்கு ரொம்ப சந்தோஷம். 1932ல் புனா ஒப்பந்தம் ஆனதும், அதன் ஞாபகமாகப் புனேயில் ‘யூனியன் போர்டிங்’ என்று இன்னொரு விடுதி வந்தது.

1940ல் சாத்தாராவில் மஹாராஜா சயாஜிராவ் ஹைஸ்கூல். பீஸ் கிடையாது, தங்கிப் படிக்கலாம், உழைப்புதான் கட்டணம். 1947ல் சத்ரபதி சிவாஜி காலேஜ். ‘கமவா ஆணி ஷிகா’ கல்லூரிப் படிப்புக்கு முழுசாக வந்தது இங்கேதான். ஒரு பணக்காரர் பெரிய நன்கொடை தருகிறேன், காலேஜ் பெயரை மட்டும் மாற்றுங்கள் என்றாராம். என் அப்பா பெயரை வேண்டுமானால் மாற்றுவேன், சிவாஜி பெயரை மாற்ற மாட்டேன் என்று அனுப்பிவிட்டார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இந்த விடுதியில் வளர்ந்த பி.ஜி. பாட்டீல் லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். திரும்பி வந்து சிவாஜி காலேஜில் பிரின்சிபால், பிறகு கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1962ல் அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் துணைவேந்தராக இருந்த அப்பாசாஹேப் பவாரின் பெயரில், வேலை செய்து படிக்கும் மாணவர்களுக்கென்றே அங்கே ஒரு ‘வித்யார்த்தி பவன்’ இருக்கிறது.

பாவுராவ் 1959 மே 9 அன்று இறந்தார். அதே வருஷம்தான் பத்மபூஷணும் புனே பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டமும் வந்தன. மெட்ரிக் முடிக்காத மனிதர் விட்டுப் போன அமைப்பில் இன்று 40க்கும் மேற்பட்ட கல்லூரிகள், 400க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகள். புனே பல்கலைக்கழகத் திட்டத்துக்கும் ‘கர்மவீர் பாவுராவ் பாட்டீல்’ என்று அவர் பெயர்தான்.

காந்தியின் ஆதாரக் கல்வியும் இதுவும் ஒன்றுதானே என்று சிலர் கேட்பார்கள். இல்லை. 1937ல் வார்தாவில் பேசப்பட்ட ஆதாரக் கல்வியில் கைத்தொழில்தான் பாடம். ராட்டையிலிருந்து கணக்கும் பூகோளமும் வர வேண்டும். பாவுராவ் பிள்ளைகளுக்குப் பாடம் வழக்கமான பாடம்தான். இங்கிலீஷ், கணக்கு, பி.ஏ. எல்லாம் உண்டு. உழைப்பு அந்தப் படிப்புக்குள் நுழைவதற்கான டிக்கெட்.

கடலுக்கு அந்தப் பக்கம்

நம்மில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பதால் அதையும் கொஞ்சம் பார்ப்போம்.

கென்டக்கி மாநிலத்தில் பெரியா என்று ஒரு கல்லூரி. (நம்ம ‘பெரிய’வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்ற பாதிரியார் 1855ல் தொடங்கியது. கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் எல்லோரும் சேர்ந்து படித்த இடம். 1892லிருந்து டியூஷன் கட்டணம் வாங்குவதில்லை. பதிலுக்கு ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். சேர்ந்து படிப்பதைப் பொறுக்காமல் 1904ல் கென்டக்கி சட்டசபை தடைச் சட்டமே கொண்டு வந்தது. 1908ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. 1950ல் சட்டம் தளர்ந்த பிறகுதான் கறுப்பின மாணவர்கள் திரும்ப வர முடிந்தது. சாத்தாராவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றை ஒன்று பார்த்துச் செய்ததில்லை. ஆனாலும் ஒரே யோசனை.

அரசாங்கம் இதைக் கையில் எடுத்தது பொருளாதார மந்தத்தின்போது. 1935ல் ரூஸ்வெல்ட் தேசிய இளைஞர் நிர்வாகம் என்று ஒன்றை அமைத்தார். படிப்பை நிறுத்திவிடாமல் இருக்க மாணவர்களுக்குப் பகுதி நேர வேலை. டெக்ஸாஸ் மாநிலத்தில் அதை நடத்தியவர் 26 வயது லிண்டன் ஜான்சன். அவரே சான் மார்கோஸ் ஆசிரியர் கல்லூரியில் துப்புரவு வேலை செய்து, பிறகு பிரின்சிபால் அலுவலகத்தில் எடுபிடியாக இருந்து படித்தவர். நடுவில் காசு போதாமல் படிப்பை நிறுத்தி, கொட்டூலா என்ற ஊரில் மெக்ஸிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராகவும் இருந்தவர். 1943ல் அந்த நிர்வாகம் மூடப்பட்டது. ஜான்சன் ஜனாதிபதி ஆனதும் 1964ல் வறுமை ஒழிப்புச் சட்டத்தில் ‘ஒர்க் ஸ்டடி’ திட்டத்தைக் கொண்டு வந்தார். 1965ல் அது உயர்கல்விச் சட்டத்தோடு சேர்ந்தது. அந்தச் சட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்ட இடம், தான் துடைப்பம் பிடித்த அதே சான் மார்கோஸ் கல்லூரி.

பெற்றோர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த ‘ஒர்க் ஸ்டடி’ அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் அவர்களைப் போன்ற சிலருக்கும்தான். எஃப்-1 விசாவில் போகும் நம்ம பிள்ளைகளுக்குக் கிடையாது. அவர்கள் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை சாதாரண வேலை பார்க்கலாம். வேலை கிடைத்தால்தான் உண்டு. அதை நம்பி பீஸ் கணக்குப் போடாதீர்கள்.

சரி, இது நல்லதா கெட்டதா?

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனின் பையன் பி.எஸ்ஸி. படிக்கிறான். பீட் மாவட்டம். அவனுக்கும் காலேஜ் நூலகத்தில் இந்த வேலை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காசு உதவியாக இருக்கிறது என்றான். சிரமம் என்ன என்றதற்கு, புத்தகம் அடுக்குவதில் ஒன்றும் இல்லை, கூடப் படிக்கிற பசங்கள் புத்தகம் எடுக்க வரும்போதுதான் ஒரு மாதிரி இருக்கும் என்றான். இன்னொன்றும் சொன்னான். பரீட்சை நெருங்கும்போது அந்த மூன்று மணி நேரம் ரொம்பப் பெரிசு.

என் அப்பா திண்ணையைப் பற்றிச் சொன்னதும் இவன் சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 70 வருஷத்துக்கும் மேல் வித்தியாசம். ஒருவர் தானமாகச் சாப்பிட்டார், இன்னொருவன் உழைத்துச் சாப்பிடுகிறான். ஆனாலும் அந்தக் கூச்சம் போகவில்லை. ஏன்?

எனக்குத் தோன்றுகிற காரணம் இதுதான். பாவுராவின் விடுதியில் எல்லோரும் மண்வெட்டி பிடித்தார்கள். பாட்டீல் வீட்டுப் பையனும் மஹார் பையனும் ஒரே வரப்பில் நின்றார்கள். பெரியாவிலும் அப்படித்தான், விதிவிலக்கு இல்லாமல் எல்லோருக்கும் வேலை. அங்கே வேலை செய்வது யாரையும் தனியாகக் காட்டாது. பிற்காலத் திட்டங்களில், புனே ஆனாலும் அமெரிக்கா ஆனாலும், வருமானச் சான்று காட்டியவன் மட்டும் வேலை செய்கிறான். காசு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்கிறது, அது நல்லதுதான். ஆனால் ‘உழைப்புக்கு மரியாதை’ என்ற பாதி எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. வசதியான பையன் அந்த மூன்று மணி நேரத்தில் கோச்சிங் போகிறான்.

தமிழ்நாடு வேறு பாதையில் போனது. 1956ல் காமராஜரின் மதிய உணவு, 1982ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2010ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை, 2022ல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று ‘புதுமைப் பெண்’, 2024ல் பையன்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’. இதெல்லாம் திண்ணைத் தானமும் இல்லை, கூலியும் இல்லை. உரிமை என்று கொடுப்பது. யாரும் யார் வாசலிலும் காத்திருக்க வேண்டாம். “சும்மா கொடுத்தால் அருமை தெரியாது” என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நம் பிள்ளைகளுக்கு நாம் பீஸ் கட்டுகிறோமே, அதற்கு அவர்கள் என்ன வேலை செய்தார்கள்?

அதற்காக, “பாவம், வேலை வாங்குகிறார்கள்” என்பதையும் நான் ஏற்கவில்லை. கலப்பை விற்றவர் கண்டுபிடித்த வழி அது. சர்க்கார் பணம் போதாமல், எந்தத் திண்ணையும் கிடைக்காத பிள்ளைகளை அவரால் பாரிஸ்டர் வரைக்கும் கொண்டுபோக முடிந்தது. உதவித்தொகையையும் கொடுக்கலாம், கூடவே வளாக வேலையை எல்லா மாணவர்களுக்கும் பொதுவாகவும் வைக்கலாம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் நூலகத்தில் புத்தகம் அடுக்கினால் யார் பிள்ளையும் தேய்ந்துவிட மாட்டார்கள். என் பெண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவர்கள், டிரைவர், வாட்ச்மேன் யாருடைய பிள்ளையாவது புனே, நாசிக், அஹமத்நகர் (இப்போது அஹில்யாநகர்) பக்கம் காலேஜில் படித்தால், காலேஜ் மாணவர் நலப் பிரிவில் இந்தத் திட்டம் இருக்கிறதா என்று வருஷ ஆரம்பத்திலேயே விசாரிக்கச் சொல்லுங்கள். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. மராத்தியில் விண்ணப்பம் எழுதத் தயங்கினால் கூட உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். பெங்களூர், டெல்லி, ஹைதராபாத்தில் இருப்பவர்கள், உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் இது மாதிரி ஏதாவது இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். வாரச் சாப்பாடு சாப்பிட்டுப் படித்த பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். அவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.